முரட்டுப் பிள்ளைகளும் முன்கூட்டிய உதவியும்



எங்களுக்கு வருகிற ஜெப விண்ணப்பங்களில் ஒருவகைக் கடிதம் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருக்கும். மகனுக்கு வயது பதினைந்து அல்லது பதினாறு. பள்ளிக்கூடத்தில் அடிதடி, தலைமையாசிரியர் அழைத்து எச்சரித்துவிட்டார். வீட்டில் பணம் காணாமற்போகிறது. தகப்பனார் ஒரு வார்த்தை சொன்னால் இவன் பத்து வார்த்தை பேசுகிறான். "சிறுவயதில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான், சேர்க்கைதான் கெடுத்துவிட்டது" என்று தாயார் எழுதியிருப்பார். சில வீடுகளில் அது உண்மையே. ஆனால் பெற்றோரை உட்காரவைத்து, பையன் ஒன்றாம் வகுப்பில் எப்படி இருந்தான், பால்வாடிக்குப் போகையில் எப்படி இருந்தான் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், பல வேளைகளில் வேறொரு வரலாறு வெளியே வரும். மூன்று வயதில் மற்றப் பிள்ளைகளைக் கடித்தவன். ஆறு வயதில் வகுப்பில் ஓரிடத்தில் உட்காரமாட்டாதவன். எட்டு வயதில் கடைசி பெஞ்சில் தனியே ஒதுக்கப்பட்டவன். பன்னிரண்டு வருஷம் எல்லாரும், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்திருக்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என்ன செய்திருக்கலாம் என்பதே இந்த இதழின் பாடம். பெற்றோரைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்காகக் கொடுக்கவும் உழைக்கவும் மனதுள்ள உங்களைப் போன்றவர்கள், எந்த வயதில், எந்த விதமான உதவி பலன் தருகிறது என்று அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு ஆறுதலான செய்தி. வாலிப வயதில் தடுமாறுகிற எல்லாரும் ஒரே ரகம் அல்ல. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயது முதல் நடுவயது வரை மருத்துவர்களும் உளவியலாளர்களும் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். அதில் பணியாற்றும் டெர்ரி மோஃபிட் என்ற அம்மையார் 1993-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரு கூட்டத்தாரைப் பிரித்துக் காட்டினார். பதின்ம வயதில் தொடங்கி, வேலை, திருமணம் என்று வந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறவர்கள் ஒரு கூட்டம், இவர்களே அதிகம். சின்னஞ்சிறு வயதிலேயே தொடங்கி, வளர்ந்த பின்னும் விடாமல் தொடர்கிறவர்கள் மற்றொரு கூட்டம். இவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். ஆனால் தங்களுக்கும் பிறருக்கும் வருத்துகிற துன்பம் அதிகம். முன்கூட்டிய உதவி முக்கியமாக இந்த இரண்டாம் கூட்டத்தாருக்கே வேண்டியது.

அடிப்பதை யார் கற்றுக்கொடுத்தது?

"இந்த வயதில் அடிக்க எங்கே கற்றுக்கொண்டான்?" என்று பெரியவர்கள் திகைப்பது வழக்கம். கனடாவின் மான்ட்ரியால் நகரில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இக்கேள்வியையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். மனிதன் தன் வாழ்நாளில் மிகுதியாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதில்தான் என்று அவர்கள் காட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் அது சரியே. இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் வலு இல்லாததால்தான் நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடிப்பதைப் பிள்ளை யாரிடமும் கற்க வேண்டியதில்லை. அடிக்காமல் இருப்பதைத்தான் கற்க வேண்டும். காத்திருக்க, கேட்டு வாங்க, கோபத்தை வார்த்தையில் சொல்ல, தோற்றுப்போனாலும் விளையாட்டைத் தொடர, இவற்றையெல்லாம் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன்பே வீட்டில் கற்றுவிடுகிறார்கள். சிலர் கற்பதில்லை. கற்காமல் போவதற்குக் காரணம் பல: பிறவிக் குணம், குறைமாதப் பிறப்பு, தாயின் மனச்சோர்வு, வீட்டில் குடி, பட்டினி, பேச்சு வராத தாமதம். காரணம் எதுவானாலும், கற்காததைக் கற்றுக்கொடுக்கலாம் என்பதே நம்பிக்கைக்கு இடமளிக்கிறது.

கற்றுக்கொடுக்கும் இடம் வீடு. ஆனால் வீட்டிலேயே நமக்குத் தெரியாமல் எதிர்ப்பாடமும் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்பவர் பல வருஷம் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, தாயும் பிள்ளையும் பேசுவதையும் சண்டையிடுவதையும் நொடிக்கு நொடி குறித்துப் பார்த்தார். அவர் கண்டதை நம்முடைய அண்ணாச்சி கடை வாசலிலும் காணலாம். நான்கு வயதுப் பையன் மிட்டாய் கேட்கிறான். "வேண்டாம் தம்பி, சாப்பாட்டு நேரம்" என்கிறாள் தாய். பையன் சிணுங்குகிறான், பிறகு அழுகிறான், பிறகு தரையில் விழுந்து புரளுகிறான். கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "சரி, ஒன்றே ஒன்று கொடுங்க அண்ணாச்சி." உடனே அமைதி.

இங்கே இருவருக்கும் கூலி கிடைத்துவிட்டது. புரண்டால் கிடைக்கும் என்று பையன் கற்றான். கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று தாய் கற்றாள். நாளை அவள் இன்னும் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடிப்பாள். அவன் இன்னும் கொஞ்சம் நேரம் புரளுவான். தகப்பனார் வந்து ஒரு அதட்டுப் போட்டால் பிள்ளை அந்த நிமிஷம் அடங்குகிறான். ஆகவே அதட்டுதான் மருந்து என்று அவர் கற்கிறார். அடுத்த மாதம் அதட்டு போதவில்லை, கை நீளுகிறது. இப்படி வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் உரத்த சத்தத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். ஒருவரும் கெட்டவர் அல்ல. இதில் மிகவும் வருந்தத்தக்கது என்னவென்றால், பையன் ஒரு மூலையில் தானாக உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தை யாரும் கவனிப்பதில்லை. "சும்மா இருக்கிறான், அப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். நன்றாயிருக்கும்போது ஒரு பார்வையும் கிடைக்காது, புரண்டால் முழு வீடும் திரும்பிப் பார்க்கும் என்றால், எந்தப் பிள்ளை எதைத் தெரிந்துகொள்ளும்?

பத்து நிமிஷ விளையாட்டு

இதற்குரிய சிகிச்சை பார்வைக்கு மிக அற்பமாகத் தோன்றும். 1960-களில் அதே ஆரிகனில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் தாய்மாருக்கு இரண்டு படிகளில் பயிற்சி கொடுத்தார். முதற்படியில் பிள்ளை விளையாட்டை நடத்தும், தாய் பின்தொடர்வாள். இரண்டாம் படியில் தாய் நடத்துவாள். இன்று உலகின் பல நாடுகளில் நடக்கும் பெற்றோர் பயிற்சிகள் பல இந்த இரண்டு படிகளிலிருந்து கிளைத்தவை. ஒரு முறையில் தாயின் காதில் சிறு ஒலிக்கருவியைப் பொருத்தி, அவள் பிள்ளையோடு விளையாடும்போதே அடுத்த அறையிலிருந்து பயிற்சியாளர் மெல்லச் சொல்லிக்கொடுக்கிறார். கருவி இல்லாமலும் செய்யலாம்.

முதற்படி இது. தினமும் பத்து நிமிஷம். தொலைக்காட்சியும் கைபேசியும் அணைந்திருக்க வேண்டும். பிள்ளை எதை எடுக்கிறானோ அதுவே விளையாட்டு. அந்தப் பத்து நிமிஷத்தில் கட்டளை இல்லை, குறை சொல்லுதல் இல்லை. கேள்வியும் இல்லை. இதுதான் நம்மவருக்குக் கடினம். "இது என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்று விளையாட்டைப் பரீட்சையாக்கிவிடுவோம். அதற்குப் பதில், அவன் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: "சிவப்பு மூடியை மேலே வைக்கிறாய். இப்போது இன்னொன்று. விழுந்துவிட்டது, ஆனாலும் திரும்ப அடுக்குகிறாய்." பாராட்டும்போது எதற்காக என்று சொல்ல வேண்டும். "சமர்த்து" என்றால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. "பாப்பாவுக்கு நீயாகவே பந்தைக் கொடுத்தாயே, அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றால் விளங்கும்.

சில வாரங்கள் இது நடந்த பிறகே இரண்டாம் படி. கட்டளைகள் குறைவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று. சமையலறையிலிருந்து கூவாமல், பக்கத்தில் போய், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். "ஒழுங்காக இரு" என்பது கட்டளை அல்ல. "செருப்பைக் கழற்றி வாசலில் வை" என்பதே கட்டளை. செய்தால் உடனே பாராட்டு. செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை. அதன்பின் சொன்ன சிறிய தண்டனை, கோபமில்லாமல், தவறாமல். பொம்மை பத்து நிமிஷம் அலமாரிக்குப் போகும் என்றால் போக வேண்டும். செய்யமாட்டாத பயமுறுத்தல் எதுவும் கூடாது. "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்பதை எங்கள் பொருட்டாவது நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்! அம்மா வேண்டாம் என்றதைப் பாட்டி முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வீடுகளில் இந்த மருந்து வேலை செய்யாது. ஆகவே பாட்டியையும் தாத்தாவையும் சித்தப்பாவையும் முதலிலேயே உட்காரவைத்துப் பேசிக்கொள்ள வேண்டும்.

பிரம்பைக் குறித்து என்ன சொல்கிறீர்கள் என்று நம் ஆதரவாளர்கள் கேட்பதுண்டு. நீதிமொழிகளின் வசனங்களுக்கு விளக்கம் சொல்வது போதகர்களின் பணி. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவே: அடிக்கடி அடி வாங்கும் பிள்ளைகள் காலப்போக்கில் அடங்கிப்போவதில்லை, அதிகம் அடிக்கிறவர்களாகிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் ஒன்றுபோலவே காட்டுகின்றன. பள்ளிகளைப் பொறுத்தவரை இது கருத்து வேற்றுமைக்குரிய காரியமும் அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனதைப் புண்படுத்தும் தண்டனையையும் தடைசெய்திருக்கிறது.

கிங்ஸ்டன் நகரத்துப் பொம்மைப் பை

இவையெல்லாம் படித்த, ஓய்வுள்ள தாய்மாருக்குச் சரி. கூலிவேலைக்குப் போகும் தாய்க்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அதற்கு ஜமைக்கா நாட்டிலிருந்து நல்ல பதில் ஒன்று உண்டு.

தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை, டாக்டர் சாலி கிராந்தம்-மெக்கிரிகரும் அவருடைய உடன்வேலையாட்களும் 1986-87-இல் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகளுக்கு அப்போது 9 மாதம் முதல் 24 மாதம் வரை வயது. அவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திற்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு கூட்டத்திற்கு வாரம் ஒரு மணி நேரம் வீட்டுச் சந்திப்பு. மூன்றாவது கூட்டத்திற்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டுமில்லை, வழக்கமான சுகாதாரச் சேவை மாத்திரம். சந்திக்கப் போனவர்கள் மருத்துவர்களோ பட்டதாரிகளோ அல்ல. பயிற்சி பெற்ற சமுதாய சுகாதார உதவியாளர்கள். கையில் ஒரு பை. அதில் பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி போன்ற கழிவுப் பொருட்களால் செய்த பொம்மைகள். குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டி, அவளையே செய்யவைத்து, நன்றாகச் செய்ததை அவளிடமே சொல்லிப் பாராட்டுவார்கள். பொம்மையை அந்த வாரம் வீட்டில் விட்டுவிட்டு, மறுவாரம் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்வார்கள். இரண்டு வருஷம் இது நடந்தது. அவ்வளவுதான்.

அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது, அவர்களில் 105 பேரைத் தேடிப்பிடித்துச் சந்தித்தார்கள். விளையாட்டுச் சந்திப்பு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சண்டைகளிலும் கடுமையான வன்முறைகளிலும் ஈடுபட்டிருந்தார்கள். மனச்சோர்வின் அடையாளங்களும் அவர்களிடம் குறைவு. படிப்பு அதிகம். 2014-இல் வெளியான கணக்குப்படி அவர்களுடைய வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம், தொடக்கத்தில் கண்ட முன்னேற்றம் வளர்ந்த பின் காணப்படவில்லை. இதனால் பசித்த குழந்தைக்குப் பால் வேண்டாம் என்று ஆகாது. பால் கொடுக்கும் கை குழந்தையோடு பேசவும் வேண்டும் என்றே நாங்கள் பொருள்கொள்கிறோம்.

கவனியுங்கள்: வன்முறையைத் தடுக்கும் திட்டம் என்று யாரும் இதைத் தொடங்கவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்கு எதிர்காலத்தில் சண்டை போடாதே என்று யாரும் போதிக்கவில்லை. இதே முறையை நம் நாட்டில் ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில், உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு 18 மாதம் நடத்தியபோது, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் முன்னேற்றம் கண்டார்கள். அவர்கள் வாலிபராகும்போது ஜமைக்காவின் பலன் அங்கும் கிடைக்குமா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். 129 குழந்தைகளைக் கொண்டு உலகத்துக்கே வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

நல்ல மனது மட்டும் போதுமா?

இப்போது சொல்லப்போவது நம்மில் சிலருக்குக் கசப்பாயிருக்கும். முகாம்களும் விடுதிகளும் நடத்தும் நல்ல உள்ளங்கள் பலர் நம் சிநேகிதர்கள். ஆனாலும் சொல்ல வேண்டும்.

பாஸ்டன் நகரத்து டாக்டர் ரிச்சர்ட் கேபட் என்பவர் மருத்துவ ஊழியத்தில் மறக்கப்படக்கூடாத ஒருவர். மருந்து எழுதிக்கொடுப்பதோடு நில்லாமல் நோயாளியின் வீட்டு நிலைமையையும் விசாரிக்க வேண்டும் என்று, 1905-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூக சேவகர்களை அமர்த்தியவர் அவர். அவருடைய யோசனைப்படி, கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சிறுவர்கள் குற்றவாளிகளாகாமல் தடுக்கும் திட்டம் ஒன்று 1939-இல் தொடங்கியது. அந்த வருஷமே அவர் காலமானார். திட்டம் 1945 வரை நடந்தது. கடைசிவரை கணக்கில் இருந்தவர்கள் 506 சிறுவர்கள். ஒத்த குணமுள்ள இருவர் இருவராகச் சேர்த்து, நாணயம் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை என்று பிரித்தார்கள். உதவி பெற்றவனின் வீட்டுக்கு ஆலோசகர் மாதம் இரண்டு தடவைபோலப் போவார். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள், கோடைமுகாமுக்கு அனுப்பினார்கள். சராசரியாக ஐந்து வருஷம் இது தொடர்ந்தது. அன்றைக்கு நாம் அங்கிருந்தால் நாமும் காணிக்கை அனுப்பியிருப்போம்.

முப்பது வருஷத்துக்குப் பின் ஜோன் மெக்கார்ட் என்ற அம்மையார் அவர்களையெல்லாம் தேடிக் கண்டுபிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அத்திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்று நன்றியோடு சொன்னார்கள். ஆனால் பதிவேடுகள் வேறு சொல்லின. உதவி பெறாத ஜோடிகளோடு ஒப்பிடும்போது, மதுப் பழக்கமும் கடுமையான மனநோயும் மீண்டும் மீண்டும் குற்றம் செய்தலும் உதவி பெற்றவர்களிடமே அதிகமாயிருந்தன, இளவயது மரணமும்கூட. 1978-இல் இதை அவர் வெளியிட்டபோது பலருக்கு ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பிற்பாடு ஆராய்ந்ததில், ஒரு தடவைக்கு மேல் கோடைமுகாமுக்குப் போனவர்களிடமே அந்தத் தீங்கு முக்கியமாகத் திரண்டிருந்தது தெரிந்தது. காரணம் ஒன்றும் மர்மமல்ல. தொல்லைதரும் பையன்களை ஓரிடத்தில் சேர்த்தால், இரவில் விளக்கணைந்த பின் ஒருவன் சொல்லும் துணிகரக் கதைக்கு மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு பகலில் ஆலோசகர் சொன்ன புத்திமதியைவிடப் பெரிய பரிசு.

மான்ட்ரியாலில் ட்ரெம்ப்ளேயின் குழுவினர் 1980-களில் முரட்டுச் சிறுவர்களுக்குப் பழக்கவழக்கம் கற்றுக்கொடுத்தபோது வேறுவிதமாகச் செய்தார்கள். அவர்களைத் தனிக்கூட்டமாக்காமல், நல்ல நடத்தையுள்ள பிள்ளைகளோடு சிறு குழுக்களில் கலந்து உட்காரவைத்தார்கள். கூடவே பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வளர்ந்த பின் அவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் அதிகம். ஆகவே முகாமே கூடாது என்று சொல்லவில்லை. "வழிதவறிய பிள்ளைகளுக்கென்று" தனியாக நடத்தும் முகாமுக்குத்தான் யோசிக்க வேண்டும். சிறைச்சாலைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு பயமுறுத்துவதும் அமெரிக்காவில் 1970-களில் வெகு பிரபலமாயிருந்தது. சோதித்துப் பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகளே பின்னர் அதிகம் குற்றம் செய்தார்கள்.

வகுப்பிலே ஒரு விளையாட்டு

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வழி சொல்கிறோம். 1960-களில் கன்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஒன்றில் முதன்முதல் பரீட்சிக்கப்பட்டது. வகுப்பை இரண்டு மூன்று அணிகளாகப் பிரிக்க வேண்டும். முரட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் போடாமல் எல்லா அணிகளிலும் பரப்ப வேண்டும். விதிகளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்: இடத்தைவிட்டு எழும்பக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, பிறர்மேல் கை வைக்கக் கூடாது. பத்து நிமிஷம் விளையாட்டு நேரம் என்று அறிவிக்க வேண்டும். யாராவது விதியை மீறினால் அவன் அணிக்கு ஒரு கோடு, அதட்டல் இல்லை. நான்கு கோட்டுக்கு மேல் வாங்காத அணிகள் எல்லாமே ஜெயித்தவை. எல்லா அணிகளும் ஜெயிக்கலாம். பரிசு ஒரு நட்சத்திரமோ, ஐந்து நிமிஷம் முன்னதாக வெளியே விடுவதோ போதும். மெதுவாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

பால்டிமோர் நகரப் பள்ளிகளில் 1985-இலிருந்து ஷெப்பர்ட் கெல்லம் என்ற மனநல மருத்துவர் இதை ஒன்றாம் வகுப்பில் நடத்தினார். 19 முதல் 21 வயதில் அவர்களைப் பார்த்தபோது, ஒன்றாம் வகுப்பிலேயே மிகவும் முரடாயிருந்த ஆண்பிள்ளைகளிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டு இல்லாத வகுப்புகளில் படித்த அதேவிதமான பையன்களைவிட, போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் இவர்களில் குறைவு. கவனிக்க வேண்டிய ஒன்று: எந்தப் பிள்ளையும் "கெட்டவன்" என்று பெயர் சூட்டப்பட்டுத் தனியே அழைக்கப்படவில்லை. வகுப்பு முழுவதும் விளையாடியது.

ஏற்கெனவே பதினைந்து வயதாகிவிட்டால்? காலம் கடந்துவிட்டது என்று கைவிடாதீர்கள். பத்து நிமிஷ விளையாட்டு அப்போது பத்து நிமிஷப் பேச்சாக மாறும், புத்திமதி கலவாத பேச்சாக. எங்கே போகிறான், யாரோடு போகிறான், எப்போது திரும்புவான் என்று பெற்றோர் அறிந்திருப்பது பெரிய பாதுகாப்பு. துப்பறிந்து அறிவதைவிட அவனே சொல்லும்படி வீடு இருப்பது மேல். தற்கொலைப் பேச்சு, போதைப்பொருள், தன்னைத்தானே காயப்படுத்துதல், மிருகங்களை வதைத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், ஜெபக்குறிப்பு அனுப்பும் அன்றே மனநல மருத்துவரிடமும் அழைத்துப்போங்கள்.

சிறுபிள்ளை முரடாயிருந்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, சொன்னதைக் கேளாதவன் என்று அடி வாங்குகிறது. இரத்தசோகையுள்ள பிள்ளை எரிச்சலோடு இருக்கும். சதை வளர்ச்சியால் இரவில் மூச்சுத் திணறித் தூங்காத பிள்ளை பகலில் அமைதியாயிராது. சில நொடிகள் வெறித்துப் பார்க்கிற ஒருவகைக் காக்காய்வலிப்பு, கவனமின்மை என்று தோன்றும். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. தாயின் மனச்சோர்வையும் கேட்டறிய வேண்டும்; அதற்கும் சிகிச்சை உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அரசு மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து, பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதமும் நடத்தைக் கோளாறும் உள்ளவர்களை மாவட்டத்திலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. செலவு இல்லை. இதை அறியாத ஏழைப் பெற்றோருக்குத் தயவாய் எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கான எந்த ஊழியத்துக்காவது உதவி கேட்டு யாராவது உங்களிடம் வந்தால், தைரியமாகச் சில கேள்விகள் கேளுங்கள். எந்த வயதுப் பிள்ளைகள்? பெற்றோருக்கு அதில் என்ன பங்கு? முரட்டுப் பிள்ளைகளைத் தனியே சேர்க்கிறீர்களா, மற்றவர்களோடு கலந்து வைக்கிறீர்களா? ஐந்து வருஷம் கழித்து அவர்கள் எப்படியிருக்கிறார்கள் என்று பார்ப்பீர்களா? எங்களிடமும் இவற்றைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

உங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கிங்ஸ்டன் மாதிரியில் பொம்மைப் பை செய்ய விரும்பினால், விலைக்கு வாங்க வேண்டியது அதிகமில்லை. கழுவிய பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒன்றுக்குள் ஒன்று போகும் டப்பாக்கள், தையற்கடைத் துணித் துண்டில் செய்த பொம்மை, அட்டையில் ஆடு, மாடு, காகம், பேருந்து என்று வரைந்து தைத்த படப்புத்தகம் போதும். குழந்தையின் வாய்க்குள் போகும் அளவுள்ள மூடி, பொத்தான், விதை எதுவும் கூடாது. கூரான விளிம்புகளைத் துணியால் சுற்றித் தைத்துவிட வேண்டும். பொம்மைகளை வாராவாரம் திரும்ப வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றிலும் நான்கைந்து செய்துகொள்வது நல்லது.